ஒற்றை மரத்தைத் தேடாதீர்கள்

1991ஆம் ஆண்டு மார்ச் 24. வடக்கு கலிஃபோர்னியாவின் ஹம்போல்ட் வட்டாரத்தில் ஒரு மரம் சாய்ந்தது. சத்தம் கேட்டவர்கள் ஏதோ ரயில் கவிழ்ந்துவிட்டது என்றே நினைத்தார்களாம். ‘டயர்வில் ஜயன்ட்’ என்று பேர் போன ரெட்வுட் மரம் அது. உயரம் 360 அடிக்கு மேல். எடை பத்து லட்சம் பவுண்டு, அதாவது சுமார் 450 டன் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். மழையில் ஊறிய மண்ணில் பக்கத்தில் நின்ற இன்னொரு பெரிய மரம் பிடி தளர்ந்து இதன்மேல் விழ, இதுவும் சேர்ந்து சரிந்தது.

விழுந்த இடத்திலேயே இன்றும் கிடக்கிறது. யாரும் அறுத்து எடுத்துப் போகவில்லை. ‘ஃபவுண்டர்ஸ் குரோவ்’ என்ற தோப்புக்குள் அரை மைல் வட்டமாகச் செல்லும் நடைபாதை அதன் ஓரமாகவே போகிறது. ரெட்வுட் காட்டைப் பார்க்க வருகிறவர்கள் நிற்கும் மரத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன் இந்தக் கிடக்கும் மரத்திடம்தான் முதலில் போக வேண்டும் என்பேன். நிற்கும் மரத்தின் உயரம் நம் கண்ணுக்குப் பிடிபடாது. இருநூறு அடிக்கு மேல் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். படுத்திருக்கும் மரத்தையோ நடந்தே அளக்கலாம். பெயர்ந்து நிற்கும் வேர்த்தட்டு ஆளைவிட உயரம். அங்கிருந்து நுனியை நோக்கி நடந்தால், நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 236 அடி. அதோடு பாதிக் கோபுரம் இன்னொன்றைச் சேர்த்தாலும் இந்த மரத்துக்கு ஈடாகாது.

என்னோடு வந்த அப்பா நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர். அடிமரத்தின் பக்கத்தில் நின்று, “இதுல எத்தனை வீட்டுக்கு உத்தரம் தேறும்னு மனசு தன்னால கணக்குப் போடுதுப்பா” என்றார். பட்டை விலகிய ஓரிடத்தில் உள்மரம் செம்பழுப்பாகத் தெரிந்தது. நகத்தால் அழுத்திப் பார்த்தார். வைரம் பாய்ந்த பகுதி, இத்தனை ஆண்டு மழையில் கிடந்தும் இறுகித்தான் இருந்தது. ஆனால் மேற்பக்கம் முழுக்கத் தோட்டமாகிவிட்டது. பாசி மெத்தை, அதில் பெரணி, ஹக்கிள்பெரிச் செடி, ஹெம்லாக் மரத்தின் விரல்கடை உயரக் கன்றுகள். கீழே கிடக்கும் மரத்தின்மேல் முளைத்து, அதன் விலாவழியே வேரை மண்ணுக்கு இறக்குகின்றன இந்தக் கன்றுகள். ரெட்வுட் முழுதாக மட்கப் பல நூற்றாண்டுகள் ஆகும். அதுவரை அது காட்டுக்கு உரமும் ஈரமும் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

அந்த வேர்த்தட்டில் முதலில் உறைப்பது ஆணிவேர் இல்லை என்பதுதான். முந்நூறு அடிக்கு மேல் நிற்கும் ரெட்வுட்டின் வேர்கள் பத்து, பன்னிரண்டு அடிக்கு மேல் ஆழம் போவதில்லை. ஆழத்துக்குப் பதில் அகலம்: நூறு அடிவரை பக்கவாட்டில் ஓடி, பக்கத்து மரங்களின் வேரோடு பின்னிக்கொள்கின்றன. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைக்கும் எல்லாமே இந்த ஒரு சங்கதியிலிருந்து பிறப்பவைதான். தனியாக நிற்கும் ரெட்வுட் என்று ஒன்று கிடையாது. காடு சேர்ந்துதான் ஒவ்வொரு மரத்தையும் நிற்க வைத்திருக்கிறது.

தண்ணீரும் அப்படியே. இங்கே மழை குளிர்காலத்தில்தான். கோடையில் மாதக்கணக்கில் ஒரு தூறல்கூட இருக்காது. அந்த மாதங்களில் பசிஃபிக் கடலிலிருந்து வரும் மூடுபனிதான் துணை. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டாட் டாசன் 1998இல் வெளியிட்ட ஆய்வின்படி, காட்டுக்கு ஓராண்டில் கிடைக்கும் நீரில் சுமார் 34 சதவீதம் மரங்களில் படிந்து சொட்டும் மூடுபனி நீர். மரங்கள் இல்லாத இடத்தில் அந்தப் பங்கு 17 சதவீதம்தான். இலைகள் பனியை வடித்துத் தரையில் இறக்குகின்றன. சில இலைகள் நேரடியாகவே உறிஞ்சிக்கொள்கின்றன. நடந்து போகையில் வானம் வெளுத்திருக்கும், தோள் நனைந்துகொண்டிருக்கும். மரத்தை வெட்டினால் மழையில் ஒரு பகுதியையும் சேர்த்து வெட்டியதாகும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதற்கு இங்கே அளந்து எழுதிய கணக்கு இருக்கிறது. கவலைக்குரிய கணக்கும் ஒன்று உண்டு: இந்தக் கடற்கரையில் கோடை மூடுபனி கடந்த ஒரு நூற்றாண்டில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாக 2010இல் டாசனும் ஜேம்ஸ் ஜான்ஸ்டோனும் மதிப்பிட்டார்கள்.

தரையில் நமக்குத் தெரிந்த முகம் ஒன்று உண்டு. நடைபாதையின் இருபுறமும் விரிந்து கிடப்பது ரெட்வுட் சாரல் என்ற செடி. நம் வரப்புகளில் முளைக்கும் புளியாரைக்கு நெருங்கிய சொந்தம். அதே மூன்று இலை, அதே புளிப்பு, அளவில் மட்டும் பெரிது. ஆழ்ந்த நிழலுக்கே பழகிய செடி. மேலேயிருந்து ஒரு கீற்று வெயில் நேரே விழுந்தால் சில நிமிடங்களில் இலைகளைக் குடைபோல் மடக்கிக்கொள்ளும்; வெயில் நகர்ந்ததும் மெல்ல விரிக்கும். குனிந்து உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தால் இந்த அசைவு கண்ணுக்கே தெரியும். மேலே பார்த்தபடி வேகமாக நடப்பவர்கள் தவறவிடும் காட்சி இது.

உச்சியில் இன்னொரு காடு இருக்கிறது. உதிர்ந்த இலைகள் கிளைக்கவைகளில் மட்கி, அங்கேயே மண் உண்டாகி, அதில் பெரணிகளும் பழச்செடிகளும் வளர்கின்றன. சாலமாண்டர் என்ற ஈரத்தோல் கொண்ட சிற்றுயிர் ஒன்று அங்கேயே வாழ்கிறது. அது மேலிருந்து குதித்தால் கைகால்களை விரித்துக் காற்றில் வேகத்தைக் குறைத்து, திசையையும் மாற்றிக்கொள்ளும் என்று 2022இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மார்பிள்டு மர்ரலெட் என்ற கடற்பறவையும் உண்டு. கடலில் மீன் பிடித்துத் தின்று, முட்டையிட மட்டும் பல மைல் உள்ளே பறந்து வந்து இந்த முதுமரங்களின் பாசி படர்ந்த கிளையில் ஒரே ஒரு முட்டை இடும். அது எங்கே கூடு வைக்கிறது என்பதே வெகுகாலம் மர்மமாக இருந்தது. கலிஃபோர்னியாவின் பிக் பேசின் பூங்காவில் 1974இல்தான் ஒரு கூடு கண்ணில் பட்டது.

வெட்டப்பட்ட கதைக்கு வருவோம். தங்கவேட்டைக்காக 1850களில் திரண்ட கூட்டத்தோடு வந்தது ரெட்வுட் வெட்டும் தொழில். அப்போது சுமார் இருபது லட்சம் ஏக்கரில் பரவியிருந்த முதுகாட்டில் இன்று எஞ்சியிருப்பது ஐந்து சதவீதம் அளவே. 1918இல் தொடங்கிய ‘சேவ் த ரெட்வுட்ஸ் லீக்’ நன்கொடை திரட்டி, தோப்பு தோப்பாக விலைக்கு வாங்கிக் காப்பாற்றியது. டயர்வில் ஜயன்ட் கிடக்கும் தோப்பும் அப்படிப் பிழைத்ததுதான்.

ஆனால் தோப்பு தோப்பாகக் காப்பாற்றினால் போதாது என்று பாடம் சொன்னது ரெட்வுட் க்ரீக் என்ற ஆறு. 1963இல் நேஷனல் ஜியாக்ரஃபிக் சங்கத்தைச் சேர்ந்த பால் சால் அந்த ஆற்றங்கரையில் சுமார் 368 அடி உயர மரம் ஒன்றைக் கண்டார். உலகிலேயே உயரமான மரம் என்று அது பெயர் வாங்கியது. நாடே பேசியது. 1968இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்தில் ரெட்வுட் தேசியப் பூங்கா பிறந்தது. அந்தப் பெரிய மரங்களைச் சேர்க்க வேண்டும், அதே சமயம் மரக் கம்பெனிகளின் நிலத்தில் அதிகம் கைவைக்கவும் கூடாது என்று, ஆற்றையொட்டி சுமார் அரை மைல் அகலத்தில் ஒரு நீளத்துண்டை மட்டும் பூங்காவோடு சேர்த்தார்கள். ‘புழு’ என்று அதற்குப் பட்டப்பெயர்.

புழுவுக்கு மேலே உள்ள மலைச்சரிவுகளில் வெட்டு நிற்கவில்லை. சரிவுகள் மொட்டையாயின. மழைக்கு மண் கரைந்து ஆற்றில் இறங்கியது. ஆற்றுப்படுகை மேடிட்டது, வெள்ளம் கரையை அரித்தது, உலகின் மிக உயரமான மரங்களின் மேலோட்டமான வேர்களுக்கே ஆபத்து வந்தது. மரத்துக்கு வேலி போட்டாகிவிட்டது. அந்த மரத்தைத் தாங்கும் மலைக்குப் போடவில்லை.

பூங்காவை விரிக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்ததும் மரவெட்டுத் தொழிலாளிகள் கொதித்தார்கள். 1977இல் ஒன்பது டன் ரெட்வுட் கட்டையை வேர்க்கடலை வடிவில் செதுக்கி, லாரியில் ஏற்றி வாஷிங்டன் வரை கொண்டுபோனார்கள். அப்போதைய ஜனாதிபதி கார்ட்டர் கடலை விவசாயி அல்லவா, அவருக்குப் பரிசு! வெள்ளை மாளிகை அதை வாங்கிக்கொள்ளவில்லை. அந்தக் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஓரிக் போன்ற சிற்றூர்களில் ரம்ப ஆலைதான் சோறு. 1978இல் கார்ட்டர் 48,000 ஏக்கரைப் பூங்காவோடு சேர்த்தபோது, வேலை இழந்தவர்களுக்கு உதவித்தொகைத் திட்டமும் அதே சட்டத்தில் வந்தது. சேர்த்த நிலத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே வெட்டித் தள்ளப்பட்ட மொட்டைச் சரிவு. மொட்டை நிலத்துக்கு எதற்குப் பூங்கா என்று கேட்டவர்கள் உண்டு. ஆற்றின் கரையைக் காக்க அந்த மொட்டை நிலமும் தேவைப்பட்டது.

அந்த விரிவாக்கத்தில் தப்பிப் பிழைத்த மூலை ஒன்றில்தான் 2006இல் கிறிஸ் அட்கின்ஸும் மைக்கேல் டெய்லரும் ஹைப்பீரியன் என்ற மரத்தைக் கண்டுபிடித்தார்கள். சுமார் 380 அடி. இன்றுவரை உலகில் அளந்த மரங்களில் இதுவே உயரம். இடத்தைப் பூங்கா நிர்வாகம் வெளியில் சொல்லவில்லை. ஆனாலும் இணையத்தில் கசிந்தது. பாதையே இல்லாத சரிவில் செடி கொடிகளை மிதித்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் போனார்கள். மரத்தடியில் பெரணி முளைப்பது நின்றுபோனது, மண் இறுகியது, வழியெங்கும் குப்பை, மனிதக் கழிவு. 2022இல் நிர்வாகம் அந்தப் பகுதியையே மூடியது. மீறினால் ஐயாயிரம் டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

இத்தனைக்கும், ஹைப்பீரியனின் அடியில் நின்றால் அதன் உச்சி தெரியாது. சுற்றிலும் நெருக்கமாக மரங்கள். அதன் அடிமரத்தைவிடப் பருத்தவை நடைபாதை ஓரங்களிலேயே எத்தனையோ நிற்கின்றன. அங்கே போனவர்கள் பார்த்தது ஒரு எண்ணைத்தான். மரத்தின்மேல் உள்ள பிரியத்தில்தான் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் வருத்தம் கூடுகிறது. ஆணிவேர் இல்லாத மரத்துக்கு, மேல்மண்ணை மிதித்து இறுக்கும் கால்களைவிடப் பெரிய தொந்தரவு என்ன இருக்க முடியும்?

மிதிபாட்டுக்குத் தீர்வும் பக்கத்திலேயே இருக்கிறது. ஜெடடையா ஸ்மித் பூங்காவில் ‘குரோவ் ஆஃப் டைட்டன்ஸ்’ என்ற தோப்புக்கும் இதே கதி நேர்ந்தது. கள்ளப்பாதைகள் பின்னிப் பிணைந்து தரை பாழானது. அங்கே தரையைத் தொடாத உலோக நடைமேடை போட்டார்கள். இப்போது கால்கள் மேலே போகின்றன. கீழே பெரணி திரும்ப முளைக்கிறது. ஆளைத் தடுக்காமல் காலை மட்டும் தடுக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் பிள்ளைகள் வீட்டுக்கு வரும் நம்மூர்ப் பெற்றோர் பலர் ம்யூர் வுட்ஸ் என்ற ரெட்வுட் காட்டோடு திரும்பிவிடுகிறார்கள். அழகான இடம்தான், வண்டி நிறுத்த முன்பதிவு கட்டாயம். ஒருநாள் கூடுதலாகக் கிடைத்தால் வடக்கே 101ஆம் நெடுஞ்சாலையில் நாலைந்து மணி நேரம் போங்கள். ஹம்போல்ட் பூங்காவில் ராக்ஃபெல்லர் காடு இருக்கிறது. சுமார் பத்தாயிரம் ஏக்கர். தொடர்ச்சியாக எஞ்சியிருக்கும் ரெட்வுட் முதுகாடுகளில் இதுவே பெரிது. சமதரைப் பாதை என்பதால் முழங்கால் வலிக்காரர்களும் நடக்கலாம். கால் தெம்பு உள்ளவர்கள் இன்னும் வடக்கே போய், இலவச அனுமதி வாங்கி, பால் சால் கண்ட டால் ட்ரீஸ் தோப்புக்கு இறங்கலாம். இறக்கம் சுமார் 800 அடி. திரும்புகையில் அத்தனையும் ஏற்றம். கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும்.

கட்டுச்சோறு கொண்டுபோனால் ஒரு பருக்கை கீழே சிந்தக் கூடாது. சிந்திய முறுக்குத் துண்டுக்கும் சோற்றுக்கும் ஜே பறவைகளும் அண்டங்காக்கைகளும் கூடும். கூடியவை மேலே போய் மர்ரலெட்டின் அந்த ஒற்றை முட்டையையும் தேடித் தின்னும். இதற்காகவே பூங்காவில் அறிவிப்புப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். அப்பா இதைக் கேட்டதும் மேசைமேல் விழுந்திருந்த சப்பாத்தித் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டார்.

1978இல் சேர்ந்த மொட்டை நிலத்தில் வேலை இன்னும் முடியவில்லை. வெட்டியபின் அங்கே டக்ளஸ் ஃபர் விதைகளை விமானத்திலிருந்து தூவினார்கள். அவை நெருக்கியடித்து ஒல்லி ஒல்லியாக வளர்ந்து ரெட்வுட்டை எழவிடவில்லை. இப்போது ‘ரெட்வுட்ஸ் ரைஸிங்’ என்ற திட்டத்தில் அவற்றைக் களைந்து வெளிச்சம் விடுகிறார்கள். ஆற்றுக்கு மண்ணை இறக்கிய பழைய லாரிப் பாதைகளைத் தோண்டிச் சரிவோடு சரிவாக்குகிறார்கள். ஓரிக்கில் ரம்ப ஆலை நின்ற இடத்தில் தார்த்தளத்தைப் பெயர்த்து ஓடையை மீட்டிருக்கிறார்கள். சால்மன் மீன்குஞ்சுகள் வந்துவிட்டன. ‘ஓ ரூ’ என்ற அந்த 125 ஏக்கர் யூரோக் மக்களின் பூர்விக நிலம். விழுந்த ரெட்வுட்டைக் குடைந்து படகு செய்து, அதனுள் இதயமும் நுரையீரலும் செதுக்கி வைக்கிறவர்கள் அவர்கள். 2026இல் நிலத்தை அவர்களிடம் ஒப்படைப்பதாக 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பூங்காவுக்கு வருகிறவர்களை வரவேற்கும் மையமும், அங்கிருந்து காட்டுக்குள் போகும் புதிய நடைபாதைகளும் அந்த இடத்தில் அமையவிருக்கின்றன.