பழைய பிக்கப் வண்டியின் என்ஜின் பராமரிப்பு

தக்காளி, கத்தரி, முருங்கை பயிரிடும் சிறு விவசாயிகள் சிலர் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி வைத்துக் கொள்கின்றனர். ஒட்டன்சத்திரம் போன்ற மார்க்கெட்டுகளுக்கு வாடகை வண்டியை எதிர்பாராமல் சரக்கைக் கொண்டு சேர்க்க இது உதவுகிறது. ஆனால் அறுவடை மும்முரத்தில் என்ஜின் மடக்கிவிட்டால், தக்காளியும் அழுகி, பட்டறைச் செலவும் தலையில் விழும். 2005-ஆம் ஆண்டில் வந்த டாடா ஏஸ் வண்டியில் இருந்தது 702 சி.சி. கொண்ட இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின். இத்தகைய சிறு என்ஜினுள்ள வண்டியில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றி மேட்டில் ஓட்டினால் சூடு விரைவில் ஏறும்.

பழைய என்ஜினுக்கு முதல் எதிரி சூடுதான். ரேடியேட்டரில் நீர் குறையும்போதெல்லாம் போர் தண்ணீரை ஊற்றுவது பரவலான பழக்கம். வெந்நீர்ப் பானையின் அடியில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்ப்பாதையிலும் படிகிறது. இந்தப் படிவு சூட்டை எளிதில் வெளியேற விடாது. நீர் நிறைந்திருந்தும் என்ஜின் கொதிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில், கம்பெனி சொன்ன அளவில் கூலன்ட் கலந்து ஊற்றுதல் வேண்டும். இது துருவையும் தடுக்கும்.

நம் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்று அதைக் கழற்றி எறிவோரும் உண்டு. இது தவறு. என்ஜின் தனக்குரிய சூட்டை எட்டாவிட்டால் டீசல் சரியாக எரியாது, தேய்மானமும் கூடும்.

சூட்டு முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் வண்டியை ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிட வேண்டும். சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கக் கூடும். ஆறிய பின் பெல்ட், ஹோஸ், வாட்டர் பம்ப் ஆகியவற்றைப் பார்க்கலாம்.

ஆயிலை, வண்டி சமதளத்தில் நிற்கும்போது, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து அளக்க வேண்டும். அளவு குறைவதைக் கவனிப்போர், கூடுவதைக் கவனிப்பதில்லை. கூடினால் டீசலோ நீரோ உள்ளே இறங்குகிறது என்று பொருள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அதன் பின் ஒரு நடைகூட ஓட்டக் கூடாது. ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தாலும் அவ்வாறே.

புகையும் நோயைச் சொல்லும். கரும்புகை என்றால் ஏர் ஃபில்டர் அடைப்பு, நாசில் கோளாறு அல்லது அதிகப் பாரம். நீலப்புகை என்றால் ரிங் அல்லது வால்வு வழியாக ஆயில் எரிகிறது. காலையில் சிறிது வெண்புகை வருவது இயல்பு. சூடேறிய பின்னும் நிற்காமல், நீரும் குறைந்து கொண்டே வந்தால் மீண்டும் ஹெட் கேஸ்கட்டையே சந்தேகிக்க வேண்டும்.

செம்மண் பாதையில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரை அடிக்கடி பார்க்க வேண்டும். கிழிந்த ஃபில்டர் வழியே போகும் புழுதி, உப்புத்தாள் போல் லைனரைத் தேய்த்துவிடும். டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் நீரையும் அவ்வப்போது வடித்துவிட வேண்டும். டாங்க் வற்றும்வரை ஓட்டினால் டீசல் குழாயில் காற்றுப் புகுந்து வண்டி கிளம்பாது.

8 ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். ஆகவே பெரிய செலவில் என்ஜினை இறக்குமுன், பட்டறையில் ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து பார்க்கச் சொல்வது நல்லது. ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்திருந்தால் வால்வு வேலையோடு முடியலாம். எல்லாம் குறைந்திருந்தால் ரிங், லைனர் வரை போகும். ஹெட்டைக் கழற்றினால், அதன் அடித்தளம் வளைந்துள்ளதா என்று கோல் வைத்துப் பார்க்கும்படி கேட்க வேண்டும். வளைந்த ஹெட்டில் புது கேஸ்கட் மட்டும் போட்டு மூடினால் மீண்டும் கசியும்.