ஏலகிரி தந்த குளிர் எங்கிருந்து வந்தது?

ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் பக்கம் பிறந்து வளர்ந்து, வெளியூரிலோ வெளிநாட்டிலோ பிழைத்துவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் பிள்ளைகளோடு ஏலகிரிக்குப் போய்வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: சின்ன வயதில் பார்த்த ஏலகிரி இது இல்லை. மே மாதத்திலும் போர்வை தேடிய மலையில் இன்று ஏசி அறை இருக்கிறதா என்று கேட்டுத்தான் முன்பதிவு செய்கிறார்கள். உலகமே சூடாகிவிட்டது, கூட்டம் கெடுத்துவிட்டது, நமக்கும் வயதாகிவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறார்கள். இவை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இந்தக் காரணங்களோடு நின்றுவிட்டால், போனது போனதுதான் என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். அந்த முடிவு தவறு என்பதே என் வாதம். உயரத்தால் ஏலகிரி தந்த குளிர் இன்னும் அங்கேயே இருக்கிறது. மரமும் ஏரியும் வயலும் சேர்ந்து தந்த குளிரைத்தான் இழந்திருக்கிறோம். அந்த இழப்புக்கான காரணங்களில் பாதி மலைமேல் இல்லை. கீழே பாலாற்றங்கரையில் கிடக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. உயரம் கூடக்கூட வெப்பம் குறையும். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல், ஏற்காடு 1,500 மீட்டர் அளவில். ஏலகிரியின் குடியிருப்புப் பகுதியோ ஆயிரம் மீட்டரைச் சற்றே தாண்டியது. அதன் உச்சியான சுவாமிமலை 1,300 மீட்டரைச் சற்றே தாண்டியது. அடிவாரத்து ஜோலார்பேட்டையே 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறியபின் உயரம் என்ற ஒரே காரணத்துக்காக நமக்குக் கிடைப்பது நான்கு, ஐந்து டிகிரிதான். வேலூரில் வெயில் 41 என்றால் மலைமேல் 36. அக்னி நட்சத்திரத்தில் அது ஆறுதல்தான், ஆனால் போர்வை தேடும் குளிர் ஆகாது. ஊட்டிக்கு உயரமே பாதுகாப்பு. அங்கே எவ்வளவு கட்டடம் எழும்பினாலும் கொஞ்சம் குளிர் மிஞ்சும். ஏலகிரிக்கு அந்த வசதி இல்லை. 'ஏழைகளின் ஊட்டி' என்று அதை அழைத்தவர்கள் இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டார்கள்.

அப்படியானால் பழைய ஏலகிரியின் மீதிக் குளிர் எங்கிருந்து வந்தது? ஈரத்திலிருந்தும் நிழலிலிருந்தும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் வெப்பம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இலைகள் வழியே நாள் முழுவதும் நீரை வெளிவிடும் ஒரு பலாத்தோப்பும், ததும்பி நிற்கும் ஓர் ஏரியும், பயிர் நிற்கும் நிலமும் சேர்ந்து செய்யும் வேலையை எந்த ஏசி இயந்திரமும் செய்ய முடியாது. ஏசி அறையைக் குளிரவைத்து வெப்பத்தை வெளியே தள்ளும். அடுத்த அறைக்காரர் அதைத் தாங்க வேண்டும். கான்கிரீட்டோ பகலில் வாங்கிய வெயிலைச் சேர்த்துவைத்து இரவில் திருப்பித் தருகிறது. ஏலகிரிக்குத் திரும்பிப் போகிறவர்கள் பகலைவிட இரவைப் பற்றித்தான் அதிகம் புலம்புகிறார்கள் என்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

மலையின் அமைப்பையும் பார்க்க வேண்டும். சுமார் 30 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மேட்டுநிலம், அதில் 14 குக்கிராமங்கள். ஒரு காலத்தில் ஜமீன்தார் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்து, 1950களின் தொடக்கத்தில் அரசின் கைக்கு வந்தது. அங்கே நெடுங்காலமாக வாழ்பவர்கள் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளோடு இவர்களுக்குத் தொடர்பில்லை, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். சாமையும் கேழ்வரகும் விதைத்து, பலாவும் கொய்யாவும் வளர்த்த மண். அந்த மண்ணின் வரலாறு நாம் நினைப்பதைவிட நீண்டது. புதிய கற்காலக் கருவிகளை இங்குள்ள மக்கள் சாமியாக வைத்துக் கும்பிட்டு வந்ததைத் திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். இந்த மேட்டுநிலத்துக்கு வேறெங்கிருந்தும் ஆறு வந்து பாய்வதில்லை. அதன்மேல் பெய்யும் மழைதான் அதற்குரிய மொத்த நீர். புங்கனூர் ஏரியும் நிலாவூர் ஏரியும் அந்த மழையைத் தேக்குகின்றன; திருப்பத்தூர்ப் பக்கம் ஜலகாம்பாறையில் அருவியாக விழுவதும் அதே நீர்தான், கோடையில் அது வற்றிவிடுகிறது. குறுகிய நிலம், எல்லையுள்ள நீர், நான்கு டிகிரி உயரக் குளிர். இவ்வளவுதான் ஏலகிரியின் மூலதனம். இதன்மேல் விடுதிகளும் நீச்சல் குளங்களும் வார இறுதி வீடுகளும் வரிசையாக எழும்பும்போது தோப்பும் வயலும் சுருங்குகின்றன, ஆழ்துளைக் கிணறுகள் பெருகுகின்றன. மலைக்கு இயல்பாக இருந்த குளிரை விற்க வந்தவர்கள், அது எதனால் வந்ததோ அதையே வெட்டிவிட்டுக் கட்டினார்கள்.

இனி கீழே பாலாற்றுக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி போன்ற தோல் பட்டறை ஊர்களுக்குக் கோடை வாசஸ்தலம் என்பது முன்பு மலை மட்டும் அல்ல. நந்தி மலைப் பகுதியில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடும் பாலாற்றில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் இருக்கிறது. பெரும்பாலும் மணலாகவே தெரியும் ஆறு. ஆனால் அந்த மணலுக்கு அடியில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. கையால் தோண்டினால் ஊற்று, கரையோரம் ஊற்றுக்கால்கள், அவற்றை நம்பி வாழையும் தென்னையும். பேருந்துக்குக் காசில்லாத குடும்பத்துக்கும் மாலையில் ஆற்றுமணல் இருந்தது. காசு கேட்காத கோடை வாசஸ்தலம் அது. அதை முதலில் கெடுத்தது தோல் கழிவு. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலத்திலும் கழிவு இருந்தது. ஆனால் 1970களில் அரை பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்து, முழுமையாகப் பதனிட்ட தோலையும் காலணியையும் ஊக்குவித்தபிறகு குரோமியப் பதனிடல் பரவியது, டேனரிகள் பெருகின. குரோமியத்தைத்தான் எல்லோரும் பழிக்கிறோம். நிலத்தடி நீரை அதே அளவுக்குக் கெடுத்தது, பச்சைத் தோல் அழுகாமலிருக்கத் தடவும் சாதாரண உப்பு. தோலை ஊறவைத்து அலசும்போது அந்த உப்பில் பெரும்பகுதி கழிவுநீரில் இறங்குகிறது, எளிதில் பிரிக்கவும் முடிவதில்லை.

இது வெறும் குற்றச்சாட்டு அல்ல, நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உண்மை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதியாக நிலைநிறுத்தியது. ஒரு கிலோ தோலைப் பதனிடச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாவதையும், டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டுப்போனதையும் அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் தீர்ப்பு அது. ஆனால் 28 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, இழப்பீட்டை உடனே கொடுங்கள், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமையுங்கள் என்று அதே உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. இதற்கிடையே மணலும் அள்ளப்பட்டுவிட்டது. 2016இல் ஆந்திர அரசு பாலாற்றின் குறுக்கே உள்ள புல்லூர்த் தடுப்பணையை 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தியபோது இங்கே பெரும் எதிர்ப்பு எழுந்தது, நியாயமான எதிர்ப்புதான். ஆனால் மேலே அணை கட்டியவர்களிடம் காட்டிய கோபத்தில் பாதியையாவது நம் பக்கத்தில் மணல் அள்ளியவர்களிடம் காட்டியிருந்தால் ஊற்றுக்கால்களில் சில மிஞ்சியிருக்கும்.

ஆறு போனதற்கும் மலை மங்கியதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மலையில் விடுதி கட்டியவர்கள் பெங்களூரையும் சென்னையையும் மனத்தில் வைத்துத்தானே கட்டினார்கள்? உண்மை. ஆனால் விழா நாட்களில் ஏறிவரும் கூட்டத்தில் கீழே உள்ள ஊர்களின் பங்கு பெரியது. அன்றாட மாலைக்கு ஆறும், வாரத்துக்கு ஓர் ஏரிக்கரையும், ஆண்டுக்கு ஒருமுறை மலையும் என்று பரவிக்கிடந்த கோடை முழுவதும் இன்று ஓரிரு நாட்களில், ஒரே மலையின்மேல், புங்கனூர்ப் படகுத்துறை வரிசையில் வந்து குவிகிறது. அவ்வளவு பாரத்தை 30 சதுர கிலோமீட்டர் தாங்காது. இதில் எனக்கு அதிகம் வலிப்பது வேறொன்று. ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளில் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மலைமேல் ஓரிரவு தங்கச் செலவழிக்க அவர்களால் முடியாது. ஆறும் அவர்களுக்கு இல்லாமல் போய்விட்டது. வசதியுள்ளவர்களுக்குக் கோடை வாசஸ்தலம் மங்கியிருக்கிறது, இவர்களுக்கோ அறவே இல்லாமல் போயிருக்கிறது.

நினைவு எப்போதும் அழகாக்கிக் காட்டும், பழைய ஏலகிரியும் இவ்வளவு இனிமையாக இருந்திருக்காது என்பது அடுத்த மறுப்பு. இருக்கலாம். நினைவை நம்பி நான் வாதிடவில்லை. உயரக் கணக்கையும், நீரின் இயல்பையும், நீதிமன்றப் பதிவையும் வைத்துத்தான் பேசுகிறேன். உலக வெப்பம் உயர்ந்தது உண்மையே. ஆனால் அந்த உயர்வு இதுவரை ஒன்றரை டிகிரியை ஒட்டியது. நிழல் இல்லாத சிமெண்டுத் தரைக்கும் மரத்தடிக்கும் உள்ள வேறுபாடு, தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதைவிடப் பல மடங்கு.

கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. மலைவாழ் மக்கள் சாமை விதைத்துக்கொண்டு ஏழையாகவே இருக்க வேண்டுமா, கீழே இருப்பவர்களின் ஏக்கத்துக்காக? கூடவே கூடாது. சுற்றுலா அவர்களுக்குச் சாலையும் கடையும் கூலியும் கொண்டுவந்தது. ஆனால் நிலத்தை விற்றபின் அதே நிலத்தில் எழுந்த விடுதியில் துப்புரவுப் பணிக்குப் போவதை முன்னேற்றம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. நிலம் அவர்களிடமே இருந்து, தங்கள் வீட்டில் விருந்தினரை ஏற்றுத் தோப்பையும் காத்தால் அவர்களுக்கும் வருமானம், மலைக்கும் குளிர். ஏலகிரி மங்கினால் பயணிகள் வேறு மலைக்குப் போய்விடுவார்கள். நட்டம் அங்கேயே இருப்பவர்களுக்குத்தான்.

ஒரு மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று அளப்பது புதிய யோசனையும் அல்ல. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. அந்த மலைகளின் தாங்குதிறனை ஆராயும் வேலையும் நிபுணர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டாயிரம் மீட்டர் உயரமுள்ள மலைகளுக்கே அது தேவை என்றால், நான்கு டிகிரியை மட்டும் நம்பி நிற்கும் ஏலகிரிக்கு எவ்வளவு தேவை! கூடவே கீழே பாலாற்றங்கரையில், இழப்பீட்டுத் தீர்ப்பு முழுமையாக நிறைவேற வேண்டும், மிஞ்சியிருக்கும் மணலைத் தொடக்கூடாது. 2021 நவம்பர் வெள்ளம் கரைபுரண்டு ஓடியபோது, வழி கொடுத்தால் ஆறு திரும்ப வரும் என்பதைப் பார்த்தோம். இந்த மண்ணில் பிறந்து எங்கெங்கோ இருப்பவர்களே, அடுத்த முறை மலைக்குப் போய்வந்து குறைபட்டுக்கொள்வதோடு நிறுத்தாதீர்கள். ஏலகிரியில் இனி ஒரு விடுதிக்கு அனுமதி தருவதற்கு முன் அந்த மலையின் நீர்க் கணக்கை எடுத்துப் பொதுவில் வெளியிடுங்கள் என்று திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதுங்கள்.