உயிரைக் காட்டும் சாயம்

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரெயில் நிற்கும் நிலையத்திற்குத் தாம்பரம் சானடோரியம் என்று பெயர். 1928ஆம் ஆண்டில் டாக்டர் சவுரி முத்து அங்கே நிறுவிய காசநோய் மருத்துவ இல்லமே அப்பெயருக்குக் காரணம். தூய காற்றும் ஓய்வும் சத்துணவுமே அன்று பெரிதும் நம்பிய மருத்துவம். இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. காசத்தைத் தீர்க்கும் மருந்துகளும் பல உண்டு. ஆயினும், மருந்துண்ட நோயாளியின் சளியில் காணும் கிருமி உயிருள்ளதா, செத்ததா என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. உயிருள்ளதாயின் மருந்து பயன் தரவில்லை என்று ஐயுற வேண்டும். இதற்கு விடை காண உதவும் ஒளிர்சாயங்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

சில பொருள்கள் ஒரு நிற ஒளியை ஏற்று, வேறு நிற ஒளியை உமிழும். கொயினாக் கரைசலின்மேல் கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிர் பட்டால், அது நீலமாக ஒளிரும். இதனை ஆராய்ந்த ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர், உமிழும் ஒளியின் அலைநீளம் ஏற்ற ஒளியினதைவிட மிகுதி என்று 1852இல் விளக்கினார். ஏற்ற ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகக் கழிந்துவிடுகிறது.

ஆரமின் என்னும் மஞ்சள் சாயம் இவ்வினத்தைச் சேர்ந்தது. காசக் கிருமிக்கு மெழுகு போன்ற போர்வை உண்டு. அதில் ஏறிய இச்சாயம் அமிலங்கொண்டு கழுவினாலும் நீங்காது. நீல ஒளி பாய்ச்சி நுண்ணோக்கியில் நோக்கினால், இருண்ட வானத்து மீன்கள்போல் கிருமிகள் மின்னும். ஆனால் செத்த கிருமியும் அவ்வாறே மின்னும். ஆகவே கிருமியை வளர்த்துப் பார்த்தே உயிர் உண்டா என்று அறிய வேண்டும். அது மெல்ல வளர்வதால் வாரங்கள் பல கழியும்.

2018இல் அமெரிக்க நாட்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் கரோலின் பெர்டோசி குழுவினர் வேறு வழி ஒன்றை வெளியிட்டனர். காசக் கிருமி, டிரெஹலோஸ் என்னும் சர்க்கரையைத் தன் போர்வையில் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. அச்சர்க்கரையின் மூலக்கூற்றில் அவர்கள் ஒரு சாயத்தைப் பிணைத்தனர். அச்சாயம் நீரில் ஏறக்குறைய ஒளிராது. கொழுப்புப் பொருள் சூழ்ந்தால் பன்மடங்கு ஒளிரும். உயிருள்ள கிருமி அச்சர்க்கரையைப் போர்வையில் சேர்த்ததும் ஒளி தோன்றுகிறது. செத்த கிருமிக்கு அவ்வேலை இயலாது. அது இருண்டே கிடக்கும். மருந்து தாக்கிய கிருமிகளில் ஒளி மங்குவதையும் அவர்கள் கண்டனர்.

கிருமி இருக்கிறது என்பதை ஆரமின் கூறும். அது வாழ்கிறது என்பதை இப்புதிய சாயம் கூறும். சாயத்தின் இயல்பை வேதியியல் கற்பிக்கிறது. கிருமியின் வாழ்க்கையை உயிரியல் கற்பிக்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே பயிலும் மாணவர்களுக்கு இத்துறையில் செய்யவேண்டிய பணி மிகுதியாக உண்டு.