பாடத்தை யார் பார்ப்பது?

தோல் நிலத்துப் பள்ளிகள் - 6

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது வழிப் பள்ளிக்கு வரும் பிள்ளை வீட்டில் தக்கனி உருது பேசுகிறது, கடைத்தெருவில் தமிழ் பேசுகிறது. ஆங்கிலம் அதற்கு மூன்றாவதாக வந்து சேர்கிறது. அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியைக்கு இன்று பயிற்சி பெரும்பாலும் கைபேசி வழியாகத்தான் வருகிறது.

2017இல் ஆசிரியர்களுக்கான தீக்‌ஷா இணையத் தளம் தொடங்கியது. 2020 அக்டோபரில், பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில், தொடக்க நிலை ஆசிரியர்களுக்கான நிஷ்தா பயிற்சி 18 பாடங்களாக அதில் ஏறியது. மொழி கற்பித்தலும் அதில் ஒன்று. காணொளியைப் பார்த்து, வினாக்களுக்கு விடையளித்தால் சான்றிதழ் கிடைக்கும்.

இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. இதே மண்ணில் நடந்த பழைய முயற்சியை நினைத்துப் பார்க்க வேண்டும். 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில், தொடக்க வகுப்புகளில் ஆங்கிலம் கற்பித்த 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரத் திட்டமிட்டார்கள். முதலில் சிலர் பயில்வார்கள், அவர்கள் மற்றவர்களுக்குக் கற்பிப்பார்கள். 'மெட்ராஸ் பனிப்பந்து' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. அன்றைய வட ஆர்க்காடும் அந்த மாநிலத்தில்தான் இருந்தது. கைமாறிக் கைமாறி வரும் பயிற்சி கடைசி ஆளிடம் சேரும்போது மெலிந்துவிடும். இணையத்தில் அந்தக் குறை இல்லை. பேரணாம்பட்டு ஆசிரியைக்கும் டெல்லி ஆசிரியைக்கும் ஒரே குரல், நேராக.

ஆனால் அந்தக் குரலுக்கு வகுப்பு தெரியாது.

ஆங்கிலக் கல்வியாளர் என்.எஸ். பிரபு ஆங்கிலம் கற்பித்தலை வேறு முனையிலிருந்து, வகுப்பிலிருந்தே தொடங்கினார். சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த அவர், 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் இலக்கணத்தை ஒதுக்கிவைத்து, ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துப் பிள்ளைகளைக் கணக்கிடவும் வழி கண்டுபிடிக்கவும் வைத்தார். அந்த வகுப்புகளை மற்றவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள், பிறகு பேசினார்கள். எது பலிக்கிறது என்று ஆசிரியருக்குள் உருவாகும் தெளிவே முக்கியம், எல்லோருக்கும் பொருந்தும் ஒரு முறை கிடையாது என்று 1990இல் அவர் எழுதினார்.

அவர் பிள்ளைகளுக்குத் தந்த இந்த வேலைகள் ஆம்பூருக்கு எவ்வளவு பொருந்தும்! காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை வரையிலான ரயில் நேரங்களே ஒரு வாரப் பாடம். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் அம்மா வீட்டில் அப்பர், சோல், ஸ்டிச்சிங், லாஸ்டிங் என்று நாளெல்லாம் பேசுகிறார். ஒரு ஷூ எந்த வரிசையில் உருவாகிறது என்று பிள்ளையைச் சொல்லவைத்தால், ஆங்கில வாக்கியத்துக்கு அங்கேயே தேவை பிறந்துவிடும். இதை எந்தக் காணொளியும் சொல்லப்போவதில்லை. இந்த ஊரை அறிந்த சக ஆசிரியரே சொல்ல முடியும்.

காணொளி இருக்கட்டும். அதன் பிறகு, அதே வகுப்பை எடுக்கும் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைப் பார்க்க வேண்டும். மேலதிகாரி வேண்டாம். பார்த்ததை, சுற்றுவட்டப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் தமிழ் வழி ஆசிரியர்களும் உருது வழி ஆசிரியர்களும் சேர்ந்து பேச வேண்டும். ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவரை அரை நாள் விடுவிக்க மாற்று ஆள் தேவைப்படும். அதற்கான ஆணையைக் கல்வித் துறைதான் பிறப்பிக்க வேண்டும்.