கையெழுத்துப் போடும் முன் கணக்கைக் கேளுங்கள்

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் நீங்கள் இயக்குநரா? பசுந்தேயிலை எடை போடும் அவசரத்தில் தீர்மானப் புத்தகம் வீடு தேடி வந்தால், படிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறீர்களா? அப்படியானால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சட்டத்துக்கு முரணான தீர்மானத்தை நீங்கள் ஆதரித்து, அதனால் நிறுவனத்துக்கு இழப்பு வந்தால், ஈடுகட்டும் பொறுப்பு உங்களுக்கும் உண்டு.

நீலகிரி மாவட்டம் கோத்தகிரியில் 'ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம்' 2013-ல் தொடங்கப்பட்டது. தேன், சிறுதானியம், காப்பி, மிளகு போன்றவற்றை மதிப்புக் கூட்டி விற்கிறது. 2021-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 'ஈக்குவேட்டர் பரிசு' இதற்குக் கிடைத்தது. விருதைவிட முக்கியமானது, இதன் பங்குதாரர்கள் பழங்குடியினர் என்பதே. கீஸ்டோன் என்ற தொண்டு நிறுவனம் தோள்கொடுத்தாலும், பங்கு தேன் எடுப்பவர் கையில், சாமை விதைப்பவர் கையில் இருக்கிறது.

பல ஊர்களில் நிலைமை வேறு. பலகையில் விவசாயிகள் பெயர் இருக்கும். நிறுவனத்தை நடத்துபவர் வேறொருவராக இருப்பார். மத்திய அரசின் 2020-ம் ஆண்டுத் திட்டத்தில் ஒரு நிறுவனத்துக்கு நிர்வாகச் செலவுக்கு மூன்றாண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. நான்காம் ஆண்டில் முதன்மை செயல் அலுவலரின் சம்பளம் எங்கிருந்து வரும்? இதை முதல் ஆண்டிலேயே கேட்க வேண்டியவர் இயக்குநர்தான்.

சட்டப்படி இயக்குநர்கள் 5 முதல் 15 பேர் வரை இருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இயக்குநர் குழு கூட வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் வங்கி இருப்பு, சரக்கு இருப்பு, வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி ஆகிய நான்கையும் தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். புரியாவிட்டால் மறுபடியும் கேளுங்கள். அதில் வெட்கம் எதற்கு? இயக்குநரின் கடையிலோ உறவினரிடமோ உரம் வாங்குவதாக இருந்தால், அதைக் கூட்டத்தில் சொல்லி, முடிவெடுக்கும்போது அவர் விலகியிருப்பது நல்லது.

களப்பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை: தீர்மானத்தை நீங்களே எழுதி நீட்டாதீர்கள். நேரமாகும்தான், ஆனாலும் அவர்களே பேசி எழுதட்டும்.

மலையில் பெரிய சிக்கல் பொதுக்குழு. வரவு செலவுத் திட்டத்துக்கும் ஆண்டுக் கணக்குக்கும் ஒப்புதல் தருவது அதுதான். நிறுவன விதிகள் கூடுதலாகக் கேட்காவிட்டால், மொத்த உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினர் வந்தால் போதும். ஆயிரம் பேர் என்றால் 250 பேர். சிதறிக் கிடக்கும் ஊர்களிலிருந்து அவர்கள் வந்துசேர வேண்டுமே! அழைப்பு 14 நாட்களுக்கு முன்பே போக வேண்டும். இலை மும்முரமாக வரும் வாரத்தையும் தேன் எடுக்கும் காலத்தையும் தவிர்த்துத் தேதி வையுங்கள். கடைசிப் பேருந்து நேரத்தைப் பார்த்து, கணக்கைக் காலையிலேயே முதல் பொருளாக எடுத்துவிடுங்கள்.