பக்கவாதத்துக்குப் பிறகு மனசையும் கவனிங்க

பக்கவாதம் வந்து வீடு திரும்பியவருக்கு மாத்திரை தருகிறோம், கை கால் பயிற்சி செய்யச் சொல்கிறோம். ஆனால், "என்னால முடியலையே" என்று அவர் அழுதால், "தைரியமா இருங்க" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய 3 பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது கோழைத்தனம் இல்லீங்க. மூளையில் ஏற்பட்ட பாதிப்பும் அதற்கு ஒரு காரணம்.

தினமும் 10 நிமிடம் தியானம் செய்வது மனசை லேசாக்க உதவும். சாய்ந்து உட்கார்ந்து, மூச்சு போய் வருவதைக் கவனித்தால் போதும். மனசு அலைந்தால் மறுபடி மூச்சுக்குத் திரும்புங்க. மூச்சை அடக்க வேண்டாம்.

பயோஃபீட்பேக் பயிற்சியில், உடலில் பொருத்தும் சென்சார்கள் இதயத் துடிப்பு, தசை இறுக்கம் போன்றவற்றைத் திரையில் காட்டும். நிமிடத்துக்குச் சுமார் 6 முறை மெதுவாக மூச்சு விடும்போது துடிப்பு மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். "என் உடம்பு என் பேச்சைக் கேட்குது" என்ற நம்பிக்கை வரும். இதைப் பயிற்சி பெற்றவரிடம்தான் செய்ய வேண்டும்.

இவை மருந்துக்கு மாற்று அல்ல. சோகமும் தூக்கமின்மையும் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்க. "வாழவே பிடிக்கலை" என்று அவர் சொன்னால், ஒரு நாள்கூடக் காத்திருக்காதீங்க. டெலி மனாஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.