பழ ஈயின் குடல் தன்னைத் தானே பழுது பார்ப்பது எப்படி?

கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றி வட்டமிடும் குட்டி ஈக்களை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். டிரோசோஃபிலா எனப்படும் இந்தப் பழ ஈ சுமார் மூன்று மில்லிமீட்டர் நீளமே இருக்கும். ஆனால் மனித நோய்களோடு தொடர்புடைய மரபணுக்களில் சுமார் 75 சதவீதத்துக்கு இதனிடமும் இணையான மரபணுக்கள் உண்டு. அதனால்தான் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வுக்கூடங்களில் இதை வளர்த்து வருகிறார்கள்.

உணவு, செரிமானச் சாறுகள், கிருமிகள் என எல்லாவற்றையும் முதலில் எதிர்கொள்வது குடலின் உட்சுவர்தான். அங்குள்ள செல்கள் சீக்கிரமே தேய்ந்துவிடும். மனிதனின் சிறுகுடலில் பெரும்பாலான உட்சுவர் செல்கள் ஒரு வாரம்கூட வாழ்வதில்லை. உதிரும் செல்களுக்குப் பதிலாகப் புதியவற்றை உருவாக்கித் தருபவை ஸ்டெம் செல்கள்.

வளர்ந்த பழ ஈயின் நடுக்குடலிலும் ஸ்டெம் செல்கள் இருப்பதை 2006-ல் அமெரிக்காவின் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. ஒன்று பெஞ்சமின் ஓல்ஸ்டீன், ஆலன் ஸ்ப்ராட்லிங் ஆகியோருடையது. மற்றொன்று கிரெய்க் மிச்செல்லி, நார்பர்ட் பெரிமன் ஆகியோருடையது.

இந்தச் செல் இரண்டாகப் பிரியும்போது பொதுவாக ஒன்று ஸ்டெம் செல்லாகவே தங்கிவிடும். மற்றொன்று முதிர்ந்து, உணவுச் சத்தை உறிஞ்சும் செல்லாகவோ ஹார்மோன் சுரக்கும் செல்லாகவோ மாறும். பக்கத்துச் செல்லுக்கு 'நீ முதிர்ந்துவிடு' என்று உத்தரவு கொடுப்பது 'நாட்ச்' என்ற சமிக்ஞை.

ஈ கிருமி கலந்த உணவைத் தின்றால் என்ன ஆகும்? குடல் செல்கள் காயப்படும். காயப்பட்ட செல்கள் சாகும் முன் ஒரு புரதத்தை வெளியிட்டு ஆபத்தை அறிவிக்கின்றன. அந்தச் செய்தி கிடைத்ததும் ஸ்டெம் செல்கள் வேகமாகப் பிரிந்து, சில நாட்களிலேயே சுவரைச் சரிசெய்துவிடுகின்றன. இந்தச் செய்தி போய்ச் சேராமல் தடுத்தால், கிருமித் தொற்றைத் தாங்கும் சக்தி ஈக்களுக்குக் குறைந்துவிடுகிறது.

அப்படியென்றால் ஸ்டெம் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகினாலும் நல்லதுதானே? இல்லை. 'நாட்ச்' உத்தரவு வேலை செய்யாதபோது, முதிராத செல்கள் குவிந்து கட்டி போல் ஆகிவிடுகின்றன. வயதான ஈக்களிலும் ஸ்டெம் செல்கள் தேவைக்கு மேல் பிரிகின்றன. சுவரும் மெல்ல மெல்லக் கசியத் தொடங்குகிறது. இதைக் காண ஈக்களுக்கு நீலச் சாயம் கலந்த உணவைக் கொடுப்பார்கள். ஆரோக்கியமான ஈயில் சாயம் குடலோடு நின்றுவிடும். குடல் கசியும் ஈயின் உடல் முழுவதும் நீலமாகிவிடும். அத்தகைய ஈக்கள் விரைவில் இறந்துவிடுகின்றன.

இது ஈயோடு முடிந்துபோகும் கதையல்ல. மனிதனின் பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் 'ஏபிசி' என்ற மரபணு பழுதடைந்திருக்கிறது. ஸ்டெம் செல்களின் பெருக்கத்துக்குப் பிரேக் போடும் மரபணு அது. ஈயின் குடலில் அதன் இணை மரபணுவைச் செயலிழக்கச் செய்தாலும் ஸ்டெம் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுகின்றன.

நம் குடும்பங்களில் கீமோதெரபி எடுத்துக்கொள்பவர்களுக்கு வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் வருவதற்கான காரணமும் இதில் அடங்கியிருக்கிறது. வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குவதே பல கீமோ மருந்துகளின் வேலை. புற்றுநோய்ச் செல்களோடு, ஓயாமல் புதுப்பிக்கப்படும் குடல், வாய் ஆகியவற்றின் செல்களும் அடிபடுகின்றன. எஞ்சிய ஸ்டெம் செல்கள் மீண்டும் சுவரைக் கட்டியெழுப்புவதால், சிகிச்சைக்குப் பின் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் குறைந்துவிடும். என்றாலும் கடுமையான வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. ஈயில் கண்டறிந்தது உடனே மனிதருக்கு மருந்தாகிவிடாது. ஸ்டெம் செல் சிகிச்சையால் எல்லா நோயும் தீரும் என்று யாராவது விளம்பரம் செய்தால், பணத்தைக் கொடுக்கும் முன் ஈயின் குடலை நினைத்துக்கொள்ளுங்கள். காயத்தை ஆற்றும் அதே பெருக்கம், கட்டுப்பாட்டை இழந்தால் கட்டியாகவும் மாறும்.